பின்பக்கப் பாட்டுகளுக்கு ஒரு வீடு

பழைய எல்பி தட்டு ஒன்று கையில் கிடைத்தால் முதலில் லேபிளைப் பார்க்காதீர்கள். லேபிளுக்கும் கடைசிப் பாட்டு முடிகிற இடத்துக்கும் நடுவே வழவழவென்று கொஞ்சம் இடம் விட்டிருப்பார்கள். தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தால் அங்கே சின்னச் சின்ன எழுத்துகளும் எண்களும் மின்னும். இங்கிலாந்தில் ஈ.எம்.ஐ. நிறுவனம் அந்த நாளில் அச்சிட்ட தட்டாக இருந்தால், அதுதான் அதன் ஜாதகம். நீளமான எண் கீழே வரும்படி தட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தில் 9 இருக்கும் இடத்தில் ஓர் எண் இருக்கும். இந்தத் தட்டு எந்தத் தாய் அச்சின் வழி வந்தது என்று அது சொல்லும். 3 இருக்கும் இடத்தில் ஓரிரண்டு ஆங்கில எழுத்துகள் இருக்கும். அதில்தான் ரகசியம். கிராமஃபோன் லிமிடெட் என்ற பெயரைச் சுருக்கினால் வரும் பத்து எழுத்துகளை எண்களாக வைத்துக்கொண்டார்கள். முதல் எழுத்தான ஜி என்றால் 1, அடுத்த ஆர் என்றால் 2, அப்படியே போய்க் கடைசி எழுத்து 0. ஜி தனியாக இருந்தால் முதல் அச்சில் பிறந்த தட்டு. ஜியும் ஆரும் சேர்ந்திருந்தால் பன்னிரண்டாம் அச்சு.

நான் எழுத வந்திருப்பது இப்படி ஜாதகத்தோடு பிறந்த ஒரு தட்டைப் பற்றி. பெயர் 'ரெலிக்ஸ்'. காலம் விட்டுச்சென்ற மிச்சங்கள் என்று பொருள் கொள்ளலாம். இங்கிலாந்தின் பிங்க் ஃபிளாய்ட் குழு 1967 முதல் 1969 வரை பதிவு செய்த பாட்டுகளில் பதினொன்றைத் திரட்டி, 1971 மே 14 அன்று 'ஸ்டார்லைன்' என்ற தன் மலிவு விலை வரிசையில் ஈ.எம்.ஐ. வெளியிட்டது. பழம்பொருள்கள், விந்தைப் பொருள்களின் வினோதத் தொகுப்பு என்று உறையிலேயே அச்சிட்டிருந்தார்கள். நாலே வயதான பாட்டுகளுக்குப் பழம்பொருள் என்று பெயர்! ஆனால் அந்த நாலு வருடத்தில் அந்தக் குழுவுக்கு நடந்ததை நினைத்தால் அது மிகையில்லை.

1967 ஜனவரியில் போவோம். லண்டன் செல்சி பகுதியில் ஒரு பழைய பால்கூடக் கட்டடம். அதில் 'சவுண்ட் டெக்னிக்ஸ்' என்ற ஒலிப்பதிவுக்கூடம். கட்டடக்கலை படிக்க வந்த இடத்தில் ஒன்றுசேர்ந்த ரோஜர் வாட்டர்ஸ், நிக் மேசன், ரிச்சர்ட் ரைட், அவர்களோடு ஓவியம் படித்துக்கொண்டிருந்த சிட் பேரட். பாட்டு எழுதுவது, பாடுவது, கிதார் எல்லாம் பேரட்தான். ஜோ பாய்ட் தயாரிப்பில் 'ஆர்னால்ட் லேன்' பதிவானது. கொடியில் காயும் பெண்களின் துணிகளைத் திருடி அணிந்து பார்க்கும் ஒருவனைப் பற்றிய பாட்டு. கடலில் கப்பலை நிறுத்தி, அனுமதி இல்லாமல் ஒலிபரப்பிய ரேடியோ லண்டன்கூட அதை ஒதுக்கிவைத்தது. அப்படியும் பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் 20ஆம் இடத்துக்கு ஏறியது. மே மாதம் அடுத்த பாட்டு, 'சீ எமிலி பிளே'. தயாரிப்பாளர் இப்போது நார்மன் ஸ்மித், ஈ.எம்.ஐ.யில் பீட்டில்ஸின் தொடக்க காலப் பதிவுகளுக்கு ஒலிப்பொறியாளராக இருந்தவர். சொந்தக் கூடத்தில் அந்த முதல் பாட்டின் ஒலி பிடிபடவில்லை என்று அவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி அந்தப் பால்கூடத்துக்கே போனார்கள். அந்தப் பாட்டு 6ஆம் இடத்தைத் தொட்டது.

இவையெல்லாம் 45 சுற்று வேகத்தில் ஓடும் ஏழங்குல ஒற்றைப் பாட்டுத் தட்டுகள். லேபிளில் கொலம்பியா என்ற பெயர். தமிழ்த் திரைப்பாட்டுத் தட்டுகளைச் சேர்த்துவைத்தவர்களுக்கு அந்தப் பெயர் தெரியாமல் இருக்காது. நாய் படம் போட்ட எச்.எம்.வி.யும் கொலம்பியாவும் 1931 இணைப்புக்குப் பிறகு ஒரே வீட்டுப் பிள்ளைகள். கல்கத்தா டம்டம் ஆலையிலிருந்து நம் ஊருக்கு வந்த சினிமாத் தட்டுகளுக்கும், லண்டனுக்கு மேற்கே ஹேஸ் ஊரில் அச்சான இந்தத் தட்டுகளுக்கும் தாய்வீடு ஒன்றே.

ஒற்றைப் பாட்டுத் தட்டுக்கு இரண்டு பக்கம். முன்பக்கத்தில் விற்க வேண்டிய பாட்டு. பின்பக்கத்தை வெறுமனே விட முடியாது என்பதற்காக இன்னொன்று. அந்த நாளில் பிரிட்டனில் ஒரு வழக்கம் இருந்தது: தனித்தட்டாக விற்ற பாட்டை எல்பியில் மறுபடி சேர்க்க மாட்டார்கள். ஒரே பாட்டுக்கு ரசிகன் இரண்டு முறை காசு கொடுக்கக் கூடாது என்ற எண்ணம். நல்ல எண்ணம்தான். ஆனால் அதன் விளைவு, தனித்தட்டு கடையிலிருந்து இறங்கியதும் அந்தப் பாட்டும் அதோடு போய்விடும். முன்பக்கப் பாட்டையாவது நாலு பேர் நினைவு வைத்திருப்பார்கள். பின்பக்கத்தின் கதி என்ன?

1967 நவம்பரில் மூன்றாம் தட்டு, 'ஆப்பிள்ஸ் அண்ட் ஆரஞ்சஸ்'. பட்டியலில் ஏறவே இல்லை. அதன் பின்பக்கம் ரைட் எழுதிய 'பெயின்ட் பாக்ஸ்'. அதற்குள் பேரட்டின் மனநிலை குலைந்துகொண்டிருந்தது. மேடையில் நின்றால் வாசிப்பாரா மாட்டாரா என்பதே நிச்சயமில்லாத நிலை. டேவிட் கில்மர் வந்து சேர்ந்தார். 1968 ஏப்ரலில் பேரட் விலகியது முறைப்படி அறிவிக்கப்பட்டது. அதே மாதம் 'இட் வுட் பி ஸோ நைஸ்' வந்தது, அதுவும் எடுபடவில்லை. பின்பக்கம் வாட்டர்ஸ் எழுதிக் கில்மர் பாடிய 'ஜூலியா ட்ரீம்'. டிசம்பரில் 'பாயின்ட் மீ அட் தி ஸ்கை'. அதுவும் விழுந்தது. பின்பக்கம், 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்'. தனித்தட்டு வியாபாரம் நமக்கு ஒத்துவராது என்று குழு அன்றோடு முடிவுகட்டியது. பிரிட்டனில் அவர்கள் அடுத்து ஒரு தனித்தட்டு வெளியிட்டது 1979இல். அது முதலிடத்துக்குப் போனது. இடையில் பதினோரு வருடம்.

அந்தப் பதினோரு வருடத்தில்தான் அவர்கள் பெரிய குழுவானார்கள். எல்பியின் ஒரு முழுப் பக்கத்தையும் ஒரே இசைக்கு எடுத்துக்கொள்வது, பாட்டை விட்டு விலகிப் போய் மெதுவாகத் திரும்பி வருவது என்று புரோகிரசிவ் ராக் என்று பெயர் பெற்ற இசையின் பாதை அது. 1970 அக்டோபரில் 'ஆட்டம் ஹார்ட் மதர்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது. அடுத்த எல்பிக்காக 1971 ஜனவரியில் ஆபி ரோடு கூடத்துக்குள் போனபோது கையில் பாட்டு எதுவும் இல்லை. துண்டுதுண்டாக வாசித்துப் பதிவுசெய்து, ஒவ்வொரு துண்டுக்கும் 'ஒன்றுமில்லை' என்று பொருள்படும் பெயரைக் கொடுத்து எண் போட்டு வைத்தார்கள். நடுநடுவே ஊர் ஊராகக் கச்சேரி. அந்தத் துண்டுகள் 'எக்கோஸ்' என்ற இருபத்து மூன்று நிமிட இசையாகத் திரண்டு, 'மெடில்' எல்பியாக வெளிவர அந்த வருடக் கடைசி ஆனது. அதற்குள் கடைகளில் ஏதாவது இருக்க வேண்டும். அந்த இடைவெளியை நிரப்பவே 'ரெலிக்ஸ்' வந்தது.

ஒரு நிறுவனம் இடைவெளியை நிரப்பப் போடும் தொகுப்பை ரசிகர்கள் பொதுவாக மதிப்பதில்லை. தொகுப்பு என்றாலே வெற்றிப் பாட்டுகளின் அணிவகுப்பு. பாதி ஏற்கெனவே வீட்டில் இருக்கும். 'ரெலிக்ஸ்' அப்படி இல்லை. 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி பிளே', 'பெயின்ட் பாக்ஸ்', 'ஜூலியா ட்ரீம்', 'கேர்ஃபுல் வித் தட் ஆக்ஸ், யூஜின்' ஆகிய ஐந்தும் பிரிட்டனில் அதுவரை குழுவின் எந்த எல்பியிலும் இல்லாதவை. வாட்டர்ஸ் எழுதிய 'பைடிங் மை டைம்' அதற்கு முன் எந்தத் தட்டிலும் வராதது. 1969இல் மேடையில் ஒரு மனிதனின் முழு நாளை இசையாக்கி வாசித்தபோது பிற்பகலுக்கான பகுதியாக இருந்த பாட்டு அது. சோம்பலான ப்ளூஸ் நடையில் தொடங்கி, ரைட் டிராம்போன் ஊத, கடைசியில் வெறிபிடித்த கிதாராக முடியும். மிச்சம் ஐந்தும் முந்தைய எல்பிகளிலிருந்து வந்தவை.

கவனித்துப் பாருங்கள். தோற்றுப்போன மூன்று தனித்தட்டுகளிலிருந்தும் பின்பக்கங்களைத்தான் எடுத்திருக்கிறார்கள். முன்பக்கங்கள் மூன்றும் வெளியே நின்றுவிட்டன. விற்பதற்கென்று முன்னால் நிறுத்திய பாட்டுகளைத் தள்ளிவிட்டு, இடத்தை நிரப்பப் பின்னால் ஒட்டிய பாட்டுகளை அழைத்து உட்காரவைத்திருக்கிறது இந்தத் தட்டு. என் காதுக்கு அது மிகச் சரியான தேர்வு. முன்பக்கங்கள் மூன்றிலும் வானொலிக்குப் பிடித்துப்போக வேண்டுமே என்ற தவிப்பு கேட்கிறது. பின்பக்கங்களில் அந்தக் கவலையே இல்லை. 'யூஜின்' ஒரே ஒரு சுருதியைப் பிடித்துக்கொண்டு மெல்ல நடக்கும். வாட்டர்ஸ் பாட்டின் பெயரை மட்டும் கிசுகிசுப்பார். பிறகு ஓர் அலறல். அதன் மேடை வடிவம் 1969இலேயே 'உம்மாகும்மா' எல்பியில் வந்துவிட்டது என்றாலும், கூடத்தில் முதலில் பதிவான வடிவம் தொலைந்துபோன ஏழங்குலத் தட்டின் முதுகில்தான் கிடந்தது. பின்னாளில் அந்தக் குழு எதனால் உலகமெங்கும் அறியப்பட்டதோ அந்த இசையின் விதை அந்தப் பின்பக்கங்களில் இருக்கிறது.

இனி அந்த ஒலி தட்டான கதை. காந்த நாடாவிலிருந்த ஒலி முதலில் ஓர் அலுமினியத் தகட்டுக்கு மாற்றப்படும். அதன்மேல் நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சு. வெட்டுமுள் அந்தப் பூச்சில் ஒரே தொடர்ச்சியான சுருள் பள்ளத்தை வெட்டிக்கொண்டே போகும். வெட்டிய தகட்டின்மேல் வெள்ளிப் படலம் பூசி, நிக்கல் முலாம் ஏற்றி, முலாமைத் தகடாக உரித்தெடுத்தால் பள்ளம் இருந்த இடத்தில் மேடு இருக்கும். அது தந்தை. அதிலிருந்து மறுபடி நிக்கலில் எடுப்பது தாய். இதில் பள்ளம் பள்ளமாகவே இருக்கும். தாயிலிருந்து எடுப்பது அச்சு. இரண்டு பக்க அச்சுகளுக்கும் நடுவே சூடான பிவிசி உருண்டையை வைத்து, நீராவிச் சூட்டில் நசுக்கி, தண்ணீரால் குளிரவைத்து எடுத்தால் தட்டு. அச்சு தேயத் தேயப் புதிது வார்த்துக்கொள்வார்கள். முதலில் சொன்ன எழுத்துக் கணக்கு இந்த அச்சுகளை அடையாளம் காணத்தான். ஹேஸ் ஆலைக்கு 1907இல் அடிக்கல் நாட்டியவர் ஆஸ்திரேலிய ஆபெரா பாடகி நெல்லி மெல்பா. அவர் கல் நாட்டிய அதே ஊரில் அறுபத்து நாலு வருடம் கழித்து யூஜினின் அலறல் அச்சேறியது.

ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். 1967இன் இரண்டு வெற்றிப் பாட்டுகளும் ஒற்றைத் தட ஒலியில், அதாவது மோனோவில் மட்டுமே கலக்கப்பட்டவை. 1971இல் வாங்குகிறவர்களுக்கு ஸ்டீரியோ வேண்டும். எனவே இருந்த ஒரே ஒலியை இரண்டாகப் பிரித்து, கீழ் ஸ்தாயியை ஒரு பக்கமும் மேல் ஸ்தாயியை மறு பக்கமும் ஓங்கவைத்துச் செயற்கையாக ஸ்டீரியோ ஆக்கினார்கள். அறையின் நடுவே நின்று முகத்துக்கு நேரே பாடவேண்டிய பேரட், இதில் ஒரு திரைக்குப் பின்னாலிருந்து பாடுவதுபோல் கேட்கிறார். மூலத் தட்டைக் கேட்டவர்களுக்கு இந்த வேறுபாடு உறுத்தும். இன்னொன்று, இரண்டாம் பக்கத்தில் ஆறு பாட்டுகள். இருபத்தைந்து நிமிடத்துக்கு மேல். தட்டு ஒரே வேகத்தில் சுற்றினாலும் முள்ளுக்குக் கீழே பள்ளம் ஓடும் வேகம் ஒன்றல்ல. வெளி விளிம்பில் நொடிக்கு 50 சென்டிமீட்டர் அளவு ஓடுவது, உள்ளே போகப்போகப் பாதிக்கும் கீழே இறங்கிவிடும். நுண்ணிய ஒலிகள் அங்கே நெருக்கியடித்துக்கொள்ளும். அந்தக் கடைசி இடத்தில்தான் 'பைக்' இருக்கிறது. பேரட் எழுதியது, மணிகளும் கடிகாரங்களும் சக்கர ஒலிகளும் ஒரே நேரத்தில் கிளம்பி முடியும் பாட்டு. தேய்ந்த முள்ளை வைத்துக் கேட்டால் அந்த முடிவு வெறும் இரைச்சலாகிவிடும். நல்ல முள்ளில் ஒவ்வொரு மணியும் தனித்தனியே ஒலிக்கும்.

அமெரிக்காவுக்கு இந்தப் பாட்டு வந்துசேர்ந்த கதை தனி. 1967இல் குழுவின் முதல் எல்பியை அங்கே வெளியிட்டவர்கள் 'சீ எமிலி பிளே'யை முதலில் வைத்து, அதற்கு இடம் பண்ண மூலத்திலிருந்த மூன்று பாட்டுகளைக் கழற்றிவிட்டார்கள். கழன்றவற்றில் ஒன்று 'பைக்'. ஆக அமெரிக்க ரசிகனுக்கு அது எல்பியில் முதலில் கிடைத்தது 1971 ஜூலையில், 'ரெலிக்ஸ்' வழியாகத்தான்.

பெட்டிக்குள் இருந்தவற்றைப் பார்த்தோம். பெட்டியும் சாமானியமானதல்ல. பிரிட்டன் பதிப்பின் உறையில் கறுப்பு மையில் பேனாவால் வரைந்த ஓர் இயந்திரம். கப்பலா, ஆலையா, ஊர் சுற்றும் வாத்தியமா என்று சொல்ல முடியாதபடி குழாய்களும் சக்கரங்களுமாகப் பின்னிக்கிடக்கும். எளிய காரியத்துக்குச் சிக்கலான இயந்திரங்களை வரைந்து புகழ்பெற்ற ஆங்கில ஓவியர் ஹீத் ராபின்சனின் வழியைப் பின்பற்றியது. வரைந்தவர் நிக் மேசன், குழுவின் டிரம்ஸ் கலைஞர். கட்டடக்கலைப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவரின் கை அது. ஒவ்வொரு கோடும் எங்கோ ஒரு பாரத்தைத் தாங்குவதுபோல் அளவாக இருக்கும். இத்தனைக்கும் இந்தத் தட்டில் ஒரு பாட்டில் அவர் வாசிக்கவே இல்லை. 'ரிமெம்பர் எ டே'க்குத் தேவைப்பட்ட தாளம் அவருக்குப் பிடிபடாததால் தயாரிப்பாளர் ஸ்மித்தே உட்கார்ந்து வாசித்துக் கொடுத்தார். மலிவுப் பதிப்பு என்று உறைக்குப் பழைய புகைப்படம் ஒன்றை ஒட்டாமல், குழுவின் ஆள் ஒருவரே உட்கார்ந்து வரைந்தார் என்பதில் இந்தத் தட்டுக்கு அவர்கள் கொடுத்த மரியாதை தெரிகிறது. கடல் கடந்தபோது அந்த ஓவியம் எல்லா இடத்துக்கும் கூடப் போகவில்லை. அமெரிக்கப் பதிப்பில் நாலு கண்களோடு முறைக்கும் ஒரு பழைய பாட்டில் திறப்பானின் படத்தைப் போட்டார்கள். எனக்கு அது ஒட்டவே இல்லை.

பட்டியலில் அது பெரிதாக ஏறவில்லை. பிரிட்டனில் 32ஆம் இடம். ஆனாலும் மறையவில்லை. 1973இல் 'தி டார்க் சைடு ஆஃப் தி மூன்' குழுவை உலகறியச் செய்தபின், இவர்கள் முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார்கள் என்று தேடி வந்தவர்களுக்கு மலிவான வாசல் இதுவே. 1978இல் 'மியூசிக் ஃபார் பிளெஷர்' என்ற இன்னொரு மலிவு வரிசையில் மறுபடி அச்சானது. பேரட்டின் குரலைக் கைச்செலவுக் காசில் வாங்க முடிந்த தட்டு அது.

1996இல் குறுந்தகடாக வந்தபோது ஒரு நல்ல காரியம் நடந்தது. குழுவின் உறைகளை வடிவமைத்துவந்த ஸ்டார்ம் தார்கர்சன், மேசன் வரைந்த இயந்திரத்தை அப்படியே முப்பரிமாண மாதிரியாகச் செய்யவைத்துப் புகைப்படம் எடுத்து உறையாக்கினார். தாளில் இருபத்தைந்து வருடம் கிடந்த கோடுகளுக்கு உடம்பு வந்தது. அந்த மாதிரி பிறகு மேசனுக்கே போய்ச்சேர்ந்தது.

2006 ஜூலையில் பேரட் இறந்தார். 2008 செப்டம்பரில் ரைட். பெயின்ட் பாக்ஸுக்குள் இருப்பது அவர் குரல்.

2018இல் 'ரெலிக்ஸ்' 180 கிராம் கனத்தில் மீண்டும் வினைலாக வந்தது. அதே வருடம் மேசனும் எழுபத்து நாலாம் வயதில் ஒரு புதுக் குழு அமைத்துக் கிளம்பினார். 1973க்கு முந்தைய பிங்க் ஃபிளாய்ட் பாட்டுகளை மட்டுமே வாசிப்பது என்பது அதன் விதி. மே மாதம் லண்டனில் ஒரு சிறிய அரங்கில் தொடங்கிப் பிறகு கண்டம் கண்டமாகப் போனார்கள். 'ஆர்னால்ட் லேன்', 'சீ எமிலி பிளே', 'பைக்', 'தி நைல் சாங்' என்று இந்தத் தட்டின் பாட்டுகள் ஒவ்வொன்றாக மேடை ஏறின. 'ரிமெம்பர் எ டே'யும் ஏறியது. இந்த முறை டிரம்ஸ் வாசித்தது மேசனேதான். கூடவே இன்னொரு பாட்டையும் சேர்த்துக்கொண்டார்கள்: 'பாயின்ட் மீ அட் தி ஸ்கை'. 1968இல் பட்டியலில் ஏறாமல் போய், 1971இல் தன் பின்பக்கத்தை மட்டும் தட்டுக்குக் கொடுத்துவிட்டு வெளியே நின்ற பாட்டு.